சுவிஸ் மலை ரயில்கள்: பாஸா, தனித்தனி டிக்கெட்டா?

கேள்வி: கோவையிலிருந்து வருகிறோம். நான், மனைவி, 13 வயது மகள், 9 வயது மகன், 67 வயதாகும் என் அம்மா. செப்டம்பரில் எட்டு நாள் சுவிட்சர்லாந்து. லூசெர்னில் இரண்டு இரவு, இன்டர்லாகனில் இரண்டு, செர்மாட்டில் இரண்டு, செயின்ட் மோரிட்ஸில் ஒன்று, அப்புறம் சூரிச் விமான நிலையம். ரிகி, யுங்ஃப்ராவ்யோக், கோர்னெர்கிராட் மூன்று மலைகளுக்கும் போக ஆசை. கிளேசியர் எக்ஸ்பிரஸிலும் ஏற வேண்டும். மற்றபடி ரயில் ஜன்னலில் உட்கார்ந்து பார்ப்பதுதான் எங்கள் பயணமே. சுவிஸ் டிராவல் பாஸ் வாங்குவதா, அன்றன்றைக்கு டிக்கெட் எடுப்பதா? கேட்ட இடத்திலெல்லாம் ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.

பதில்:

ஆளுக்கொன்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பாஸா டிக்கெட்டா என்று இரண்டே வழி இருப்பதுபோல் கேட்கிறோம். சுவிஸில் மூன்றாவது வழி ஒன்று உண்டு, ஹாஃப் ஃபேர் கார்டு. உங்களைப் போலப் பிள்ளைகளோடு வரும் குடும்பத்துக்குப் பெரும்பாலும் அதுதான் கணக்கில் வெல்லும். ஆனால் கணக்குக்கு முன்னால் சொல்ல வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நான் பேர்ன் நகரில் பதினோரு வருடமாக இருக்கிறேன். என் பெற்றோர் முதல் தடவை வந்தபோது, செலவைக் குறைக்கிறேன் என்று இரண்டு மாதத்துக்கு முன்பே எல்லாவற்றையும் மலிவு விலையில் வாங்கி வைத்தேன். எந்தத் தேதி, எந்த மணி ரயில், எந்த மலையுச்சி, எல்லாம் முடிவாகிவிட்டது. அந்த நாள் வந்தது. உச்சியில் இறங்கினால் வெள்ளைச் சுவர். கைப்பிடிக் கம்பிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. அப்பா அந்தக் கம்பியைப் பிடித்துக்கொண்டு இருபது நிமிடம் நின்றார், ஒரு தடவையாவது விலகும் என்று. விலகவில்லை. மறுநாள் காலை வானம் கழுவி விட்டதுபோல் இருந்தது. நாங்கள் அதற்குள் வேறு ஊருக்கு ரயிலில் போய்க்கொண்டிருந்தோம். அந்த டிக்கெட்டைத் திருப்பித் தரவும் முடியாது, மாற்றவும் முடியாது. நான் மிச்சம் பிடித்தது ஆளுக்கு நாற்பது பிராங்க் இருக்கும்.

அன்றிலிருந்து யார் கேட்டாலும் இதைத்தான் சொல்கிறேன். மலையில் எந்த நாளில் எதைப் பார்க்கலாம் என்பதை மேகம்தான் முடிவு செய்கிறது. ஆகவே காலையில் எழுந்து வானத்தைப் பார்த்துவிட்டுத் திட்டத்தை மாற்றிக்கொள்ள இடம் தரும் டிக்கெட்டைத்தான் வாங்க வேண்டும். அதற்குள் எது மலிவு என்பது அடுத்த கேள்வி.

நம் ஊர்ப் பழக்கம் ஒன்று இங்கே குழப்பும். விமானம், ரயில் எதுவானாலும் சீக்கிரம் எடுத்தால்தான் கிடைக்கும், தாமதித்தால் விலை ஏறும் என்று பழகிவிட்டோம். சுவிஸில் சாதாரண ரயில் டிக்கெட் அப்படியில்லை. இரண்டு ஊர்களுக்கு இடையே முழுக் கட்டணம் இவ்வளவு என்றால், மூன்று மாதம் முன்னால் எடுத்தாலும் ஏறுவதற்கு ஐந்து நிமிடம் முன்னால் எடுத்தாலும் அதே விலைதான். அந்த டிக்கெட் குறிப்பிட்ட ரயிலுக்கானதும் அல்ல. அந்தத் தடத்தில் அன்று எந்த ரயிலிலும் ஏறலாம். காத்திருப்போர் பட்டியல், ஆர்ஏசி போன்ற கவலையே கிடையாது. முன்கூட்டியே எடுத்தால் குறைவாகக் கிடைப்பது சூப்பர் சேவர் என்கிற தள்ளுபடி டிக்கெட்டுகள் மட்டும். அவை ஒரே ஒரு ரயிலுக்குச் செல்லும். அந்த ரயிலை விட்டால் பணம் போனது. வேலை நிமித்தமாக நகரம் விட்டு நகரம் போகிறவர்களுக்கு அது நல்ல ஏற்பாடு. அம்மாவையும் இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு மலை பார்க்க வருகிறவர்களுக்கு நான் சொல்ல மாட்டேன்.

சரி, இப்போது மூன்று வழிகளுக்கும் வருவோம்.

சுவிஸ் டிராவல் பாஸ் என்பது 3, 4, 6, 8, 15 நாட்களுக்குத் தொடர்ச்சியாகச் செல்லும் அட்டை. சுவிட்சர்லாந்துக்கு வெளியே வசிப்பவர்கள்தான் வாங்க முடியும். ரயில், மஞ்சள் நிறத் தபால் பேருந்து, ஏரிப் படகு, நகரங்களுக்குள் ஓடும் பேருந்து, டிராம் எல்லாம் அதில் அடக்கம். 500-க்கும் மேற்பட்ட அருங்காட்சியகங்களுக்கு அனுமதி இலவசம். ரிகி, ஸ்டான்ஸர்ஹார்ன், ஸ்டூஸ் ஆகிய மலைகளுக்கு மேலே போய் வருவதும் இலவசம். மற்ற மலைகள் பலவற்றில் பாதிக் கட்டணம். எட்டு நாள் பாஸின் விலையை, இரண்டாம் வகுப்பில், கணக்குக்கு 430 பிராங்க் என்று வைத்துக்கொள்கிறேன். தொடர்ச்சியாக இல்லாமல் ஒரு மாதத்துக்குள் விருப்பப்பட்ட நாட்களில் பயன்படுத்தும் ஃப்ளெக்ஸ் பாஸும் உண்டு, கொஞ்சம் விலை கூடுதல்.

ஹாஃப் ஃபேர் கார்டு வெளிநாட்டவருக்கு ஒரு மாதம் செல்லும். கையில் இருந்தால் எல்லா டிக்கெட்டும் பாதி விலை. ரயில், படகு, பேருந்து, கிட்டத்தட்ட எல்லா மலை ரயில்களும் கம்பிவட ஊர்திகளும். இதன் விலையைக் கணக்குக்கு 150 பிராங்க் என்று வைத்துக்கொள்கிறேன்.

மூன்றாவது, எந்த அட்டையும் இல்லாமல் முழு விலையில் டிக்கெட். இரண்டு நாள் தங்கி, ஒரே ஊரில் இருந்துவிட்டுப் போகிறவர்களுக்கு மட்டும் இது சரி. உங்களுக்குச் சுத்தமாகப் பொருந்தாது. பிள்ளைகள்தான் காரணம். பெற்றோரில் ஒருவர் டிராவல் பாஸோ ஹாஃப் ஃபேர் கார்டோ வைத்திருந்தால், 6 முதல் 15 வயது வரையுள்ள சொந்தப் பிள்ளைகளுக்கு சுவிஸ் ஃபேமிலி கார்டு இலவசமாகத் தருவார்கள். அதை வைத்துப் பிள்ளைகள் கூடவே இலவசமாக வரலாம். அட்டை இல்லாமல் தனி டிக்கெட் எடுத்தால் பிள்ளைகளுக்கு அரை டிக்கெட் எடுக்க வேண்டும். உங்கள் பயணத்தில் அது ஒரு பிள்ளைக்கு 400 பிராங்கைத் தாண்டும். ஒரு பிராங்க் நூறு ரூபாய்க்கு மேல் என்பதை நினைவில் வையுங்கள்.

ஃபேமிலி கார்டில் ஒரு நிபந்தனை இருக்கிறது. பிள்ளைகளோடு அப்பாவோ அம்மாவோ அந்த ரயிலில் இருக்க வேண்டும். பாட்டியோடு பிள்ளைகளை மட்டும் அனுப்பினால் அந்தக் கார்டு செல்லாது. "நீங்கள் முன்னால் போங்கள், நாங்கள் அடுத்த ரயிலில் வருகிறோம்" என்று பிரியும்போது இதை மறந்துவிடாதீர்கள். சில மலை ரயில்களில் பிள்ளைகளுக்குத் தனி விதி இருக்கலாம், டிக்கெட் எடுக்கும்போது கேட்டுக்கொள்வது நல்லது.

இனி உங்கள் பயணத்தையே எடுத்துக் கணக்குப் போடுகிறேன். எல்லாம் ஒரு பெரியவருக்கு, இரண்டாம் வகுப்பில், பிராங்கில், ஏறத்தாழ. பைசா சுத்தமான கணக்கு அல்ல, எது மேல் எது கீழ் என்று தெரிவதற்காக.

சூரிச் விமான நிலையத்திலிருந்து லூசெர்ன் 30. மறுநாள் படகில் விட்ஸ்னாவ் போய் பல்சக்கர ரயிலில் ரிகி ஏறி வருவது 110 வரும். லூசெர்னிலிருந்து புரூனிக் கணவாய் வழியாக இன்டர்லாகன் 33. யுங்ஃப்ராவ்யோக் போய்வர 240. இன்டர்லாகனிலிருந்து செர்மாட் 80. கோர்னெர்கிராட் போய்வர, செப்டம்பரில் 120 என்று வையுங்கள். செர்மாட்டிலிருந்து செயின்ட் மோரிட்ஸ் 160. கடைசி நாள் காலையில் பெர்னினா மலை ரயில் தடத்தில் ஆல்ப் கிரும் நிலையம் வரை போய்வர 35 (நீங்கள் கேட்கவில்லை, நானாகச் சேர்த்தேன், காரணம் பிறகு). அங்கிருந்து சூரிச் விமான நிலையம் 80. கூட்டினால் 888.

ஹாஃப் ஃபேர் கார்டு இருந்தால் அதில் பாதி 444, கார்டு 150, ஆக 594.

டிராவல் பாஸ் என்றால் 430. ஆனால் அதோடு முடியாது. கோர்னெர்கிராட்டுக்குப் பாதி, 60. யுங்ஃப்ராவ்யோக்கில்தான் பலர் ஏமாறுகிறார்கள். பாஸ் கிரின்டெல்வால்ட் அல்லது வெங்கன் வரைதான் இலவசம், அதற்கு மேலே வெறும் 25 சதவீதம்தான் தள்ளுபடி. ஹாஃப் ஃபேர் கார்டுக்கோ கீழிருந்து உச்சி வரை முழுக்கப் பாதி விலை. பாஸ் கையில் இருந்தும் அந்த ஒரு மலைக்கே 160 போலப் போய்விடும். ஆக 650.

அதாவது உங்களுக்கும் மனைவிக்கும் ஹாஃப் ஃபேர் கார்டில் ஆளுக்கு 50, 60 பிராங்க் மிச்சம். பெரிய மிச்சம் என்று சொல்ல மாட்டேன். யுங்ஃப்ராவ்யோக்கைத் திட்டத்திலிருந்து எடுத்துவிட்டுப் பாருங்கள். முழு விலை 648, கார்டோடு 474, பாஸ் 490. பேருந்தும் கூடுதலாக ஒரு படகும் சேர்ந்தால் பாஸ் முந்திவிடும். ஆகவே "பாஸ் வாங்கினால் நஷ்டம்", "பாஸ்தான் லாபம்" என்று உங்களிடம் சொன்ன இருவருமே அவரவர் போன பாதைக்குச் சரியாகத்தான் சொல்லியிருப்பார்கள். விலை அதிகமான உச்சிகள் கூடினால் கார்டு. தினமும் நீண்ட தூர ரயில், படகு, பேருந்து என்று சுற்றினால் பாஸ். யுங்ஃப்ராவ்யோக் உண்டு என்றால் அநேகமாகக் கார்டு.

இப்போது உங்கள் அம்மா. யுங்ஃப்ராவ்யோக் 3,454 மீட்டர். தொட்டபெட்டாவைவிட எண்ணூறு மீட்டருக்கும் மேல் கூடுதல் உயரம், அதுவும் கீழிருந்து ஒரே மூச்சில் ஏறிவிடுகிறோம். அறுபது தாண்டியவர்கள், ரத்த அழுத்தம் இருப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் போகக் கூடாது. கோர்னெர்கிராட்டும் 3,089 மீட்டர். அம்மா இந்த இரண்டுக்கும் வரவில்லை என்று வைத்துக்கொண்டால் அவருக்கு முழு விலை 528, கார்டோடு 414, பாஸ் 430. வித்தியாசம் 16 பிராங்க்தான். அவருக்கு நான் பாஸ் வாங்கித் தரச் சொல்வேன்.

நீங்கள் நால்வரும் யுங்ஃப்ராவ்யோக் போகிற நாளை நினைத்துப் பாருங்கள். அம்மா விடுதி அறையிலேயே உட்கார்ந்திருப்பாரா? கார்டு மட்டும் இருந்தால் அவர் எங்கே போக நினைத்தாலும் டிக்கெட் எடுக்க வேண்டும். ஜெர்மனோ ஆங்கிலமோ காட்டும் இயந்திரத்தின் முன்னால் தனியாக நின்று, எந்த ஊர், எந்தத் தடம், கார்டு உண்டா இல்லையா என்று அழுத்த வேண்டும். பாஸ் இருந்தால் அந்தத் தொல்லை இல்லை. இன்டர்லாகன் ஓஸ்ட் நிலையத்துக்குப் பக்கத்திலேயே படகுத்துறை. ஏறி உட்கார்ந்தால் பிரியன்ஸ் ஏரியின் பச்சை நீரில் ஒன்றே கால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவாகப் போய் பிரியன்ஸ் ஊரில் இறங்கலாம், அதே படகில் திரும்பவும் செய்யலாம். யாராவது கேட்டால் பாஸையும் பாஸ்போர்ட்டையும் காட்டினால் போதும். என் அம்மா இரண்டாம் தடவை வந்தபோது அப்படித்தான் மூன்று நாள் தனியாகப் படகு சுற்றினார். அந்தப் படகில் கிடைத்த நிம்மதியை அவர் இன்றும் சொல்வார். எங்களோடு மலை ஏறியதைப் பற்றி அவ்வளவு பேசுவதில்லை.

அடுத்தது, பலர் கவனிக்காமல் விடும் செலவு. பாஸும் சரி, கார்டும் சரி, பயணக் கட்டணத்துக்குத்தான். கிளேசியர் எக்ஸ்பிரஸ், பெர்னினா எக்ஸ்பிரஸ் இரண்டிலும் இருக்கை முன்பதிவு கட்டாயம், அதற்குத் தனிப் பணம். எந்தப் பாஸிலும் அது சேராது, பாதியும் ஆகாது. கிளேசியர் எக்ஸ்பிரஸில் ஆளுக்கு 50 பிராங்கைச் சுற்றி. இலவசமாக வரும் பிள்ளைகளுக்கும் இருக்கைக்குப் பணம் கட்ட வேண்டும். உங்கள் ஐவருக்கு 250 பிராங்க். பாஸா கார்டா என்று 50 பிராங்குக்கு மண்டையை உடைத்துக்கொண்டிருக்கும்போது இந்த 250 சத்தமில்லாமல் உள்ளே வந்துவிடும்.

இதில் தெரிந்துகொள்ள வேண்டியது, இந்தப் பெயர் பெற்ற ரயில்களுக்கென்று தனித் தண்டவாளம் கிடையாது. அதே தண்டவாளத்தில், அதே பாலத்தில், அதே சுரங்கப்பாதையில் ஊர்க்காரர்கள் போகும் சிவப்பு நிறச் சாதாரண ரயில்களும் ஓடுகின்றன, அநேகமாக மணிக்கு ஒன்று. முன்பதிவு வேண்டாம், கூடுதல் கட்டணம் இல்லை, பாஸும் கார்டும் செல்லும். விசேஷ ரயிலில் கிடைப்பது கூரை வரை வளைந்த கண்ணாடி, இருக்கைக்கே வரும் சாப்பாடு, வழியில் விளக்கம், மாறாமல் ஒரே இருக்கை. காட்சி என்னவோ இரண்டிலும் ஒன்றுதான்.

அப்படியென்றால் 250 பிராங்க் வீணா? கிளேசியர் எக்ஸ்பிரஸைப் பொறுத்தவரை உங்களுக்கு அது தகும் என்றே நினைக்கிறேன். செர்மாட்டிலிருந்து செயின்ட் மோரிட்ஸ் வரை 291 கிலோமீட்டர், எட்டு மணி நேரம், 291 பாலங்கள், 91 சுரங்கப்பாதைகள். சாதாரண ரயிலில் போனால் மூன்று நான்கு இடங்களில் மாற வேண்டும். பெட்டி படுக்கையோடு, அம்மாவோடு, ஒவ்வொரு தடவையும் ஐந்து பேரும் சேர்ந்து உட்கார இடம் தேடிக்கொண்டு. நான் தனியாகப் போனால் சாதாரண ரயில்தான் எடுப்பேன், ஆன்டர்மாட்டில் இறங்கிச் சாப்பிட்டுவிட்டு அடுத்த ரயில் பிடிப்பேன். உங்கள் கூட்டத்துக்கு ஒரே இருக்கை மேல்.

பெயரில் கிளேசியர் இருக்கிறதே என்று பனியாறு பார்க்கக் காத்திருந்து பிள்ளைகள் ஏமாற வேண்டாம். 1930-இல் இந்த ரயில் தொடங்கியபோது ஃபுர்கா கணவாயில் ஏறி ரோன் பனியாற்றின் பக்கமாகப் போனது. 1982-இல் ஃபுர்கா அடிவாரச் சுரங்கப்பாதை திறந்த பிறகு ரயில் மலைக்கு அடியில் போகிறது. அதற்குப் பதிலாக 2,033 மீட்டரில் ஓபரால்ப் கணவாய் இருக்கிறது, அப்புறம் வெள்ளைச் சுண்ணாம்புப் பாறைகளுக்கு நடுவே ரைன் பள்ளத்தாக்கு. அதில் மேகம் தாழ்ந்திருந்தாலும் பெரிதாக நஷ்டமில்லை, பாதையின் அழகில் பாதி கீழே ஆற்றோரத்தில்தான். தேதி குறித்து முன்பதிவு செய்யத் துணிவதற்கு அதுவும் ஒரு காரணம். இன்னொன்று, அக்டோபர் நடுவிலிருந்து டிசம்பர் தொடக்கம் வரை கிளேசியர் எக்ஸ்பிரஸ் ஓடாது. உங்களுக்குச் செப்டம்பர் என்பதால் கவலையில்லை. பயணம் தள்ளிப்போனால் நினைவில் வையுங்கள்.

பெர்னினாவுக்கு என் பதில் நேர்மாறு. அங்கே விசேஷ ரயிலுக்குப் பணம் கொடுக்காதீர்கள். கடைசி நாளில் ஆல்ப் கிரும்மை நானாகச் சேர்த்தது இதற்காகத்தான். செயின்ட் மோரிட்ஸிலிருந்து இத்தாலியின் திரானோ வரை போகும் இந்தத் தடம் 1910-இல் முடிந்தது. 2,253 மீட்டர் வரை ஏறி, திரானோவில் 429 மீட்டருக்கு இறங்குகிறது. சரிவு நூற்றுக்கு ஏழு. இவ்வளவையும் பல்சக்கரம் இல்லாமல், சாதாரணச் சக்கரம் தண்டவாளத்தைப் பிடிக்கும் பிடியிலேயே ஏறுகிறது. நம் நீலகிரி ரயிலோ நூற்றுக்கு எட்டுக்கு மேல் சரிவில், கல்லாறிலிருந்து குன்னூர் வரை பற்சட்டத்தை (தண்டவாளத்துக்கு நடுவே பற்கள் வெட்டிய இரும்புச் சட்டம்) பிடித்துக்கொண்டு ஏறுகிறது. அந்தப் பற்சட்டம் ரோமன் ஆப்ட் என்கிற சுவிஸ் பொறியாளரின் முறை. நீலகிரியின் பழைய நீராவி எஞ்சின்கள் வந்ததும் இந்த நாட்டின் விண்டர்தூர் நகரிலிருந்துதான். உங்கள் அம்மா ஊட்டி ரயிலில் போயிருப்பார் என்றால், செர்மாட் தடத்தில் தண்டவாளத்துக்கு நடுவே ஓடும் பற்சட்டத்தை அவருக்குக் காட்டுங்கள். அதே ஆப்ட் முறை. பார்த்ததும் அடையாளம் கண்டுகொள்வார்.

சாதாரண பெர்னினா ரயிலில் பல பெட்டிகளில் ஜன்னலை இறக்கலாம். விசேஷ ரயிலின் பெரிய கண்ணாடி திறக்காது, படம் எடுத்தால் எதிர் இருக்கைக்காரரின் சட்டையும் சேர்ந்து விழும். நான் கடைசியாகப் போனது ஒரு செப்டம்பர் காலை. ஜன்னலை இறக்கியதும் குளிர் முகத்தில் அறைந்தது. மொர்டெராட்ச் பக்கம் வளையும்போது சக்கரம் தண்டவாளத்தில் கிறீச்சிடும் சத்தம், கீழே எங்கோ மாட்டு மணி. எங்கள் ரயிலின் முன்பெட்டிகள் எதிரே வளைவில் தெரிந்தன, அங்கேயும் ஒருவர் தலையை நீட்டிக்கொண்டிருந்தார். லாகோ பியாங்கோ ஏரி பனியாற்று நீரால் பால் கலந்ததுபோல் இருந்தது. ஆல்ப் கிரும் நிலையத்தில் இறங்கினால் நேர் எதிரே பாலு பனியாறு, காலடியில் ஆயிரம் மீட்டர் கீழே பொஸ்கியாவோ பள்ளத்தாக்கு. டப்பாவில் கொண்டுபோன புளியோதரையை நிலைய மதிலில் உட்கார்ந்து சாப்பிட்டோம். அடுத்த ரயிலில் திரும்பிவிட்டோம். போக ஒரு மணி, வர ஒரு மணி. பெட்டிகளை செயின்ட் மோரிட்ஸ் நிலையப் பெட்டகத்தில் வைத்துவிட்டுப் போனால் மதியம் சூரிச் ரயிலைப் பிடித்துவிடலாம். அன்றைக்கு மேகம் மூடியிருந்தால் போக வேண்டாம், விடுதியில் நிதானமாகக் காப்பி குடித்துவிட்டு நேரே சூரிச் கிளம்புங்கள். முன்பதிவு இல்லாததால் ஒரு காசும் நஷ்டமில்லை.

வேறு பாஸ்களைப் பற்றிச் சுருக்கமாக. பல நாடுகள் சுற்றினால்தான் யூரெயில் யோசிக்கத் தகும். சுவிஸ் மட்டும் என்றால் வேண்டாம், படகிலும் மலை ரயில்களிலும் அதன் சலுகை குறைவு. ஒரே வட்டாரத்தில் நான்கைந்து நாள் தங்குபவர்களுக்கு வட்டாரப் பாஸ்கள் அருமையானவை. லூசெர்ன் பக்கம் டெல் பாஸ் வாங்கினால் ரிகி, பிலாட்டுஸ், டிட்லிஸ், படகு எல்லாம் அதிலேயே அடங்கிவிடும். நீங்கள் இரண்டு இரவுக்கு ஒரு ஊர் என்று நாடு முழுக்கப் போவதால் அது பொருந்தவில்லை. அடுத்த தடவை ஒரே ஊரில் தங்கிச் சுற்றும் எண்ணம் வந்தால் அதைப் பாருங்கள்.

சேவர் டே பாஸ் என்று ஒன்று இருக்கிறது. அந்த ஒரு நாள் முழுக்க நாடெங்கும் செல்லும், முன்கூட்டி எடுக்க எடுக்க மலிவு. ஹாஃப் ஃபேர் கார்டு உள்ளவர்களுக்கு இன்னும் குறைவு. உங்கள் பயணத்தில் ஒரே ஒரு நாளுக்கு அது யோசிக்கத் தகுந்தது, கிளேசியர் எக்ஸ்பிரஸ் போகும் நாள். அன்று பாதி டிக்கெட்டே 80 பிராங்க். இருக்கை முன்பதிவு செய்து தேதி உறுதியாகிவிட்டதால், வானத்துக்காகக் காத்திருக்க வேண்டியதும் இல்லை. அன்றைய சேவர் டே பாஸ் 80-க்குக் கீழே கிடைத்தால் உங்களுக்கும் மனைவிக்கும் எடுத்துவிடுங்கள். மற்ற நாட்களுக்கு எடுக்காதீர்கள், வாங்கிய பிறகு தேதியை மாற்ற முடியாது.

இங்கே உறவினர்கள் இருந்தால் ஒரு எச்சரிக்கை. சுவிஸில் இலங்கைத் தமிழ்க் குடும்பங்கள் நிறைய இருப்பதால் இந்தக் கேள்வி எனக்கு அடிக்கடி வரும்: "சித்தப்பாவின் ஹாஃப் ஃபேர் கார்டை வாங்கிக்கொண்டு போகலாமா?" கூடாது. அது பெயரும் படமும் உள்ள சொந்த அட்டை. பரிசோதகர் வந்தால் உங்களுக்கும் சங்கடம், கொடுத்தவருக்கும் சங்கடம். அதேபோல் அவர் உங்களோடு ஊர் சுற்ற வருவதாக இருந்தால், அவருக்கு டிராவல் பாஸ் வாங்கித் தரவும் முடியாது, இங்கே வசிப்பவர் என்பதால்.

செய்ய வேண்டிய வரிசையைச் சொல்கிறேன். முதலில் கிளேசியர் எக்ஸ்பிரஸ் இருக்கை, ஐவருக்கும், இரண்டாம் வகுப்பிலேயே. இரண்டாம் வகுப்பிலும் அதே வளைந்த கண்ணாடிதான். அடுத்து உங்களுக்கும் மனைவிக்கும் ஹாஃப் ஃபேர் கார்டு, பிள்ளைகளுக்கு ஃபேமிலி கார்டு, அம்மாவுக்கு எட்டு நாள் பாஸ். அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மற்ற ரயில் டிக்கெட்டுகளை அன்றன்றைக்கு சுவிஸ் ரயில்வேயின் எஸ்பிபி (SBB) செயலியில் எடுக்கலாம், கார்டு இருப்பதைக் குறிக்க மறக்காதீர்கள். மலையுச்சி டிக்கெட்டை எக்காரணம் கொண்டும் ஊரிலிருந்தே எடுக்காதீர்கள். ஒவ்வொரு உச்சியிலும் நேரலை கேமரா இருக்கிறது. காலை ஏழு மணிக்கு அதைப் பாருங்கள். யுங்ஃப்ராவ்யோக் வெள்ளையாக இருந்தால் அன்று அம்மாவோடு எல்லாரும் படகில் போங்கள், மறுநாள் காலை தெளிந்தால் மேலே போய்விட்டு மாலையில் செர்மாட் கிளம்பலாம். இன்டர்லாகனிலிருந்து செர்மாட்டுக்கு இரண்டேகால் மணி நேரம்தான், ரயிலும் இரவு வரை இருக்கிறது.

ஆல்ப் கிரும் போகும்போது வலப்பக்கம் உட்காருங்கள், பனியாறும் ஏரியும் அந்தப் பக்கம்தான். திரும்பும்போது இடப்பக்கம். அம்மாவுக்குக் காதை மூடும் தொப்பி ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள், பிள்ளைகள் ஜன்னலை மூட விடமாட்டார்கள்.